கம்ப்யூட்டர் எங்கே வாங்கறது? பில்லை வெச்சு முடிவு பண்ணுங்க



போன எபிசோடில் லேப்டாப் வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். எந்த ப்ராசசர், 16 ஜிபி ரேம் போதுமா, ஸ்க்ரீன் எத்தனை இன்ச் என்று எல்லாத்தையும் அலசி முடித்த பிறகு, கடைசி ஒரு நிமிடத்தில் கூடப் பேசும் நண்பர் கேட்டார்: "சரிங்க, இதை எங்க வாங்கறது?" நானும் யோசிக்காமல், "எங்க விலை கம்மியோ அங்க வாங்குங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

எடிட் பண்ணும்போது அதைத் திரும்பக் கேட்டேன். எனக்கே சங்கடமாக இருந்தது. ஏன்னா இதே அட்வைஸை நானே ஃபாலோ பண்ணி இரண்டு தடவை சூடு பட்டிருக்கேன். ஒரு தடவை என் காசு போச்சு. இன்னொரு தடவை கஷ்டப்பட்டது நான் இல்லை, என் அக்கா பொண்ணு. அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க, அந்த ஒரு நிமிடக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முன்னாடியே சொல்லிடறேன்: நான் இருப்பது லண்டன் பக்கம், ஹாரோவில். அதனால் கீழே வரும் சட்டம், வரி எல்லாம் பிரிட்டன் கணக்கு. கனடா, ஜெர்மனி, சிங்கப்பூர் நண்பர்களுக்கு நம்பர்களும் சட்டத்தின் பெயர்களும் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறாது.

ரிச்சி தெருவில் படித்த பாடம்

என் முதல் கம்ப்யூட்டர் 2007-ல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. காலேஜில் இரண்டாம் வருஷம். சீனியர் அண்ணன் ஒருத்தர் கூட வந்தார். ஐந்து கடை ஏறி இறங்கி, ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டுச் சீட்டில் கொட்டேஷன் வாங்கினோம். மதர்போர்டு இவ்வளவு, ரேம் இவ்வளவு, கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து இவ்வளவு. ஒரு கடையில் மொத்த விலை முந்நூறு ரூபாய் கம்மி. நான் அங்கே வாங்கலாம் என்றேன். சீனியர் ஒத்துக்கவில்லை. "அந்த ஆளு நாளைக்கு இங்க இருப்பானான்னு தெரியல. இவரு பத்து வருஷமா இதே இடத்துல உக்காந்திருக்காரு" என்று சொல்லி, முந்நூறு ரூபாய் அதிகம் கொடுக்க வைத்தார்.

மூன்றாவது மாதம் ரேம் போச்சு. கழற்றி, பேப்பரில் சுற்றி எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் ஸ்டிக்கரில் தேதியைப் பார்த்தார், வேற ஒண்ணு எடுத்துக் கொடுத்தார், டீ சாப்பிடறியா என்று கேட்டார். ஐந்து நிமிஷ வேலை.

கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம ரெண்டு பொருள் வாங்கறோம். ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கறது. இன்னொண்ணு, அது கெட்டுப் போனால் போய் நிற்கறதுக்கு ஒரு கதவு. விலையை ஒப்பிடும் வெப்சைட்டுகள் முதல் பொருளை மட்டும்தான் ஒப்பிடும். இரண்டாவது பொருள் பில்லில்தான் தெரியும். அந்தப் பில்லில் மூன்று விஷயம் பாருங்க: விற்றது யார், வாங்கியது யார், எந்த நாடு.

முதல் கேள்வி: விற்றது யார்?

இங்கே ரொம்பப் பேருக்கு இருக்கும் ஒரு தப்பான எண்ணம்: லேப்டாப் ரிப்பேர் ஆனால் அதைத் தயாரித்த கம்பெனிதான் பொறுப்பு என்பது. கடையில் போய்க் கேட்டால், "மேனுஃபாக்சரர்கிட்ட பேசுங்க" என்று சுலபமாகத் திருப்பி அனுப்பிடறாங்க. நாமளும் திரும்பி வந்துடறோம்.

பிரிட்டனில் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருளுக்குப் பொறுப்பு அதை நமக்கு விற்ற கடை. கம்பெனி கொடுக்கும் வாரண்டி அதற்கு மேல் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான்:

- பொருள் குறையோடு இருந்தால், கிடைத்த முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம்.
- 30 நாள் தாண்டினால், ரிப்பேர் பண்ணவோ மாற்றித் தரவோ கடைக்கு ஒரு வாய்ப்பு. அது சரிப்படவில்லை என்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம்.
- முதல் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. 6 மாதத்துக்குப் பிறகு நிரூபிப்பது நம் வேலை.
- வழக்குப் போட இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 6 வருஷம், ஸ்காட்லாந்தில் 5 வருஷம் வரை நேரம் உண்டு. இதை 6 வருஷ வாரண்டி என்று நினைச்சுக்காதீங்க. அந்த விலைக்கு அந்தப் பொருள் எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்பதைப் பொறுத்துதான் தீர்ப்பு வரும்.

ஆன்லைனில் வாங்கினால் இன்னொரு உரிமை கூடுதல். குறையே இல்லாவிட்டாலும், கைக்கு வந்த 14 நாளுக்குள் "வேண்டாம்" என்று சொல்லலாம். கடையில் நேரில் போய் வாங்கினால் இந்த உரிமை சட்டத்தில் கிடையாது. கடை தானாக விரும்பிக் கொடுத்தால் உண்டு. இதில் ஒரு சின்ன நுணுக்கம்: ஆன்லைனில் பணம் கட்டிவிட்டுக் கடையில் போய் எடுத்துக்கொண்டால் அது பொதுவாக ஆன்லைன் வியாபாரம்தான். ஆன்லைனில் ரிசர்வ் மட்டும் பண்ணிவிட்டுக் கடையில் பணம் கட்டினால், அது கடை வியாபாரம். அதனால் முடிந்தவரை பணத்தை ஆன்லைனிலேயே கட்டிடுங்க.

இப்போ முக்கியமான இடம். அமேசான் மாதிரி தளங்களில் நாம பார்ப்பது ஒரே பக்கம், ஆனால் விற்பவர்கள் பலர். "வாங்கு" பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில் அனுப்புபவர் யார், விற்பவர் யார் என்று போட்டிருக்கும். அனுப்புவது அமேசான், விற்பது நீங்க கேள்விப்படாத ஒரு கம்பெனி என்றால், உங்க ஒப்பந்தம் அந்தக் கம்பெனியோடுதான். அந்த விற்பவர் பெயரைக் கிளிக் பண்ணினால் முகவரி வரும். பிரிட்டனுக்கு வெளியே இருக்கும் முகவரி என்றால், நமக்கு இருக்கும் உரிமையைக் கேட்டு வாங்குவது பெரும் பாடு. அறுபது பவுண்டு கம்மி என்று அங்கே போகாதீங்க.

பணம் கட்டுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்க. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு நமக்குத் துணை. கடை மூடிவிட்டாலோ கைவிரித்தாலோ, அதே பொறுப்பு கார்டு கம்பெனிக்கும் உண்டு. மேப்லின் மாதிரி ஊரெல்லாம் கிளை வைத்திருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையே 2018-ல் மூடியது. கடை பெரிசு, அதனால் பயமில்லை என்று நினைக்க முடியாது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது, சார்ஜ்பேக் என்ற கார்டு கம்பெனிகளின் விதி மட்டும்தான். நடுவில் பேபால் போன்ற இடைத்தரகர் வந்தால் 75-வது பிரிவு அறுந்து போகவும் வாய்ப்பு இருக்கு. கார்டு நம்பரைக் கடையிடம் நேராகக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி: பில்லில் யார் பேர்?

இது நம்மில் கான்ட்ராக்டராக இருப்பவர்களுக்கு. நான் காசு விட்ட கதையும் இதுதான்.

சில வருஷம் முன்பு, சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஐஆர்35-க்கு வெளியே உள்ள கான்ட்ராக்ட், அதனால் சொந்த லேப்டாப்பில்தான் வேலை. எங்கே விலை கம்மி என்று தேடி, ஒரு ஆன்லைன் கடையில், கம்பெனி பேரில் பில் போட்டு வாங்கினேன். வரிக் கணக்கு இனிப்பாக இருந்தது. 1,200 பவுண்டு லேப்டாப்பில் 200 பவுண்டு வாட் வரி. வாட் பதிவு செய்த கம்பெனி என்பதால் அது திரும்ப வந்தது. மீதி 1,000 பவுண்டு செலவாகக் கணக்கில் போகும். சின்ன லாபத்துக்கான 19 சதவீத கார்ப்பரேஷன் டாக்ஸ் கணக்கில் இன்னொரு 190 மிச்சம். ஆக, 810 பவுண்டுக்கு லேப்டாப். வீட்டில் ரொம்பப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, ஆன் ஆகவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கலை. கடைக்கு ஃபோன் பண்ணினேன். கம்பெனி வாரண்டியில் அனுப்புங்க, பத்து வேலை நாள் ஆகும் என்றார்கள். நான் விடவில்லை. 2015 சட்டம், 6 மாதம், நிரூபிக்க வேண்டியது நீங்கதான் என்று படித்ததையெல்லாம் எடுத்து விட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: பில்லில் இருப்பது லிமிடெட் கம்பெனி பேர்தானே?

அதோடு முடிஞ்சது. அந்தச் சட்டத்தில் நுகர்வோர் என்றால், தன் தொழிலுக்கு வெளியே, முழுவதுமாகவோ பெரும்பாலுமோ சொந்த உபயோகத்துக்காக வாங்கும் தனிமனிதர். லிமிடெட் கம்பெனி நுகர்வோர் ஆக முடியாது. 30 நாள் உரிமை, ஆன்லைன் 14 நாள், 6 மாதக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. கம்பெனி கார்டில் கட்டினால் 75-வது பிரிவும் கிடையாது. தரமான பொருள் தர வேண்டும் என்று 1979-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் கம்பெனிகளுக்கும் சொல்கிறது, ஆனால் அதை வைத்து ஒரு லேப்டாப்புக்காக வழக்குப் போட்டு யார் அலைவது?

லேப்டாப் சரியாகி வர இரண்டு வாரம். அதில் எட்டு நாள் நான் பில் பண்ண முடியவில்லை. மிச்சம் பிடித்த 390 பவுண்டு அதில் ஒரே நாளில் கரைந்து போச்சு. க்ளையன்ட்டிடம் "லேப்டாப் ரிப்பேர்" என்று சொல்வது, ஹோம்வொர்க்கை நாய் தின்னுடுச்சு என்று சொல்வது மாதிரி இருந்தது.

இதனால் கம்பெனி பேரில் வாங்காதீங்க என்று சொல்லலை. நான் இப்பவும் அப்படித்தான் வாங்கறேன். ஆனால் வரியில் மிச்சமாகும் காசை சட்டம் தராத பாதுகாப்புக்குச் செலவு பண்றேன். லெனோவோ, டெல், எச்பி மூன்றிலும் பிசினஸுக்கு என்று தனி வரிசை உண்டு. அதில் அடுத்த வேலை நாளே டெக்னீஷியன் நம்ம இடத்துக்கு வந்து பார்க்கும் சப்போர்ட்டை வாங்கும்போதே சேர்த்துக்கலாம். வாங்கும் இடமும் மாறுது: தள்ளுபடி கடையை விட்டு, தயாரிப்பாளரின் பிசினஸ் பிரிவிலோ பிசினஸ் விற்பனையாளரிடமோ வாங்கறோம். பில் பண்ண முடியாமல் போகும் ஒரு நாளின் தொகையை எழுதி, அந்த சப்போர்ட் விலையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்க. முடிவு தானாக வந்துடும்.

இரண்டு குறிப்பு. வாட் ஃப்ளாட் ரேட் முறையில் இருப்பவர்கள், வாட் சேர்த்து 2,000 பவுண்டுக்குக் குறைவான லேப்டாப்புக்கு வாட்டைத் திரும்பக் கேட்க முடியாது. இரண்டாவது, பெரும்பாலும் வீட்டு உபயோகம், எப்போதாவது வேலை என்றால், தாராளமாகச் சொந்தப் பேரில் வாங்கி நுகர்வோர் உரிமையை வைத்துக்கொள்ளுங்க. உங்க நிலைமைக்கு எது சரி என்று உங்க கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மூன்றாவது கேள்வி: எந்த நாட்டுப் பில்?

இதைத்தான் நிறைய பேர் கேக்கறாங்க. "ஊருக்குப் போறேன், இங்கிருந்து லேப்டாப் வாங்கிட்டுப் போகலாமா?"

என் அக்கா திருநெல்வேலியில் இருக்கா. பொண்ணு அப்போ இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அக்கா ஃபோனில், "ஏலே, அங்க எல்லாம் வெல கொறச்சலாம்லா? வரும்போது அவளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாயேன்" என்றாள். நவம்பர் தள்ளுபடியில் ஒரு நல்ல லேப்டாப் வாங்கி, டிசம்பரில் கையோடு கொண்டு போனேன். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டு போகலாம். அதனால் ஏர்போர்ட்டில் பிரச்சினை இல்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இப்பவும் ஞாபகம் இருக்கு.

முதல் வாரமே ஒரு சின்ன விஷயம். "மாமா, அட் குறி அடிச்சா மேற்கோள் குறி விழுது" என்று மெசேஜ். இங்கே விற்கும் கீபோர்டில் சில குறிகளின் இடமே வேற. செட்டிங்ஸில் மாற்றினால் எழுத்து சரியாகும், ஆனால் கட்டையில் அச்சடித்திருப்பது மாறாது. சிரித்துக்கொண்டே பழகிட்டா.

நான்காவது மாதம் ஸ்க்ரீனில் பாதி கறுப்பாகிவிட்டது. திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது யுகே பீஸ், இங்க வாரண்டி வராது. காசு கட்டினாலும் பேனல் வர லேட் ஆகும்" என்று சொல்லிட்டாங்க. இங்கே நான் வாங்கிய கடையைக் கேட்டேன். சட்டப்படி பொறுப்பு எங்களுக்குத்தான், பொருளைக் கொண்டு வாங்க என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். பொருள் இருந்தது ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கு, அதுவும் ரிப்பேரான சாமான் என்று கூரியர்காரர்கள் தயங்கினார்கள். கடைசியில் ஊரிலிருந்து வந்த தெரிந்தவர் ஒருத்தர் கையில் கொண்டு வந்தார். ரிப்பேர் ஆகி, இன்னொருத்தர் கையில் திரும்பிப் போய்ச் சேர பதினொரு வாரம்.

அந்தப் பதினொரு வாரமும் அவள் காலேஜ் லேபில் வேலை பார்த்தாள். லேப் சாயங்காலம் மூடிடும், காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கணும். ஒரு கம்பெனியின் இன்டர்ன்ஷிப்புக்கான ஆன்லைன் கோடிங் டெஸ்ட்டை ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினாள். கிடைக்கலை. சொந்த லேப்டாப் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நான் ஃபோன் பண்ணும்போதெல்லாம், "பரவால்ல மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே விலையில் 20 சதவீத வாட் அடக்கம். இந்தியாவில் லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஏர்போர்ட்டில் வாட்டைத் திருப்பித் தரும் வசதியை, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 தொடக்கத்தில் நிறுத்திட்டாங்க. அப்போ விலை கம்மி என்பது எங்கே இருக்கு? தள்ளுபடி நாளில் ஒரு மாடலுக்கு இருக்கலாம். பொதுவாக இருக்கு என்பது பழைய நினைப்பு.

அமெரிக்க விலை கம்மியாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அங்கே போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு வந்தால், 390 பவுண்டு சலுகை வரம்பைத் தாண்டும் ஒரே பொருளுக்கு முழு விலைக்கும் இங்கே வாட் கட்டணும். லேப்டாப் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிடும்.

எல்லா வாரண்டியும் நாட்டுக்குள் அடங்கியதில்லை. சில கம்பெனிகளின் வாரண்டியை வேற நாட்டிலும் எடுத்துக்கலாம். பிசினஸ் வரிசை மாடல்கள் சிலவற்றிலும் அப்படி உண்டு. சில கம்பெனிகளில் நாடு மாற்றம் என்று முன்கூட்டியே பதிவு பண்ணணும். விலை குறைந்த வீட்டு மாடல்களில் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. வாங்கும் முன் அந்த மாடலின் வாரண்டிப் பக்கத்தில் "எந்த நாடுகளில்" என்ற வரியைத் தேடிப் படிங்க. கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. சார்ஜரைப் பற்றிக் கவலை வேண்டாம். லேப்டாப் அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், சுவரில் சொருகும் ஒயரை மட்டும் அந்த ஊரில் மாற்றினால் போதும்.

அந்த லேப்டாப் இப்போ அக்கா வீட்டில் சீரியல் பார்க்க உதவுது. அவள் கடைசி வருஷம் வந்தபோது நான் அக்கா கணக்குக்குப் பணம் அனுப்பினேன். அவளே பாளையங்கோட்டையில் ஒரு கடைக்குப் போய், கீபோர்டைத் தட்டிப் பார்த்து, அவள் பேரிலேயே ஜிஎஸ்டி பில்லோடு வாங்கினாள். கொஞ்சம் அதிக விலைதான். ஒரு தடவை சார்ஜிங் முனை ஆடியபோது, வண்டியை எடுத்துப் போய் கடையில் கொடுத்து நான்கு நாளில் வாங்கிட்டு வந்துட்டா. எனக்கு விஷயமே பிறகுதான் தெரியும். இந்தியாவில் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. அதை அழைக்க உள்ளூர் பில் கையில் இருப்பது நல்லது.

சரி, யார் எங்கே வாங்கலாம்?

*படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகள்:* ஒரு வருஷம் படித்துவிட்டுத் திரும்பப் போவது உறுதி என்றால், இரு நாட்டிலும் செல்லும் வாரண்டி உள்ள மாடலாகப் பார்த்து ஊரிலேயே வாங்கிட்டு வாங்க. இங்கே தங்கி வேலை தேடும் எண்ணம் இருந்தால், வந்து இறங்கி, யூனிவர்சிட்டி ஈமெயில் கிடைத்த பிறகு வாங்குங்க. மாணவர் தள்ளுபடிக்கு அது வேணும். முதல் வாரத்தைச் சமாளிக்க லைப்ரரி கம்ப்யூட்டர் போதும்.

*வீட்டுக்கு வாங்குபவர்கள்:* பிரிட்டனில் முகவரி உள்ள, பெயர் தெரிந்த கடை, சொந்தப் பேர், கிரெடிட் கார்டு. ஜான் லூயிஸ் மாதிரி சில கடைகள் லேப்டாப்புக்குக் கூடுதல் காசில்லாமல் இரண்டு வருஷ உத்தரவாதம் தருவதுண்டு. வேற இடத்தில் முப்பது பவுண்டு கம்மி என்றால், அந்த இரண்டாவது வருஷத்துக்கு விலை முப்பது பவுண்டு என்று எடுத்துக்கோங்க.

*பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்ணுபவர்கள்:* ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரண்டி. எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. முடிந்தவரை எல்லாத்தையும் ஒரே கடையில் வாங்குங்க. இல்லாட்டி மதர்போர்டு விற்றவர் ரேமைக் குறை சொல்வார், ரேம் விற்றவர் மதர்போர்டைக் குறை சொல்வார்.

*பழையது வாங்குபவர்கள்:* கடையிலோ தயாரிப்பாளரின் ரீஃபர்பிஷ்டு பிரிவிலோ வாங்கினால், பொருளின் வயதுக்கு ஏற்றபடி அதே நுகர்வோர் உரிமை உண்டு. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் தனிநபரிடம் வாங்கினால், சொன்னபடி இருக்க வேண்டும் என்பதைத் தாண்டி அநேகமாக ஒண்ணும் கிடையாது. இரண்டு விஷயம் நேரில் பாருங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுபோச்சு, அதனால் விண்டோஸ் 11 முறையாக ஓடும் மெஷினா என்று பாருங்க. அடுத்தது, பழைய ஓனரின் அக்கவுன்ட்டோ அவர் ஆபீஸின் நிர்வாகப் பூட்டோ அதில் இருக்கா என்று, முழுசாக அழித்து மறுபடி செட்டப் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. தயங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துடுங்க.

அந்த எபிசோடில் சொன்ன பதிலை இப்போ திருத்திக்கறேன். மாடலை முடிவு பண்ணிவிட்டு, ஒரு பேப்பர் எடுங்க. இது ஒரு திங்கட்கிழமை காலையில் ஆன் ஆகவில்லை என்றால் யார் இதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டணும் என்று எழுதுங்க. அந்தக் கதவு லேப்டாப்பை உபயோகிப்பவர் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கணும். அப்படிப்பட்ட கடைகளுக்குள் எங்கே விலை கம்மியோ, அங்கே வாங்குங்க.

அடுத்த எபிசோடில் வீட்டு வைஃபையைப் பற்றிப் பேசறோம். உங்களுக்கும் இந்த மாதிரி பில் கதை இருந்தால் பதில் போடுங்க, எல்லாத்தையும் படிக்கறேன். இப்போதைக்கு உங்க லேப்டாப் பில் எங்கே இருக்கு என்று தேடி, ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.